கடலூர் மறுமதிப்பீட்டு முகாம்: போகுமுன் தெரிய வேண்டியவை

மாற்றுத்திறன் சான்றைப் புதுப்பிக்கும் மறுமதிப்பீட்டு முகாமுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். காசு கேட்பதில்லை. கிடைக்கும் யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) நாடு முழுக்கச் செல்லும். ஆனால் மருத்துவர் முன்னால் உட்காரக் கிடைப்பது சில நிமிடம்தான். அதற்குள் காட்டாத காகிதமும் சொல்லாத விவரமும் குறைபாட்டுச் சதவீதத்தில் சேராது.

எந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கை கால் பாதிப்பென்றால் 75 சதவீதம் வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 போதும். வருவாய்த் துறையின் மாத உதவித்தொகையையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது. இரண்டு குறைபாடு இருந்தால் கூட்டிப் போடுவார்கள் என்று பலர் நம்பி வருகிறார்கள். 50-ம் 30-ம் 80 ஆகாது. பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, வருவதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். வருவது 63.

அறிவுசார் குறைபாட்டில்தான் பெரிய சறுக்கல். மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறிப்படி, அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனை அளக்கும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம், 70 முதல் 84 வரை வந்தால் 25 சதவீதம். ஒரே ஒரு புள்ளியில் உதவித்தொகை போய்விடும். (2024-ல் நெறியைத் திருத்தியிருக்கிறார்கள், எந்த நெறிப்படி பார்த்தார்கள் என்பது சான்றிலேயே இருக்கும்.) இந்த அளவுகோலுக்கு வேண்டிய பதில்களைப் பெரும்பாலும் பெற்றோரிடம்தான் கேட்பார்கள். "தானே சாப்பிடுவானா?" என்றால் பெருமையாக "சாப்பிடுவான் சார்" என்று வாயில் வந்துவிடும். சோற்றைப் பிசைந்து, மீன் முள்ளை எடுத்து, தட்டை முன்னால் வைப்பது அம்மா என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "குளிப்பாளா" என்றால் தண்ணீர் விளாவுவது யார், சோப்பு போடுவது யார். சட்டைப் பொத்தான், கக்கூசில் கழுவுவது, கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது, தனியாகப் பஸ் ஏறுவது என எல்லாவற்றையும் முந்தின வாரமே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தானே', 'சொன்னால்', 'பிடித்துவிட்டால்' என்று ஒரு சொல் போதும். நல்ல நாளையும் கெட்ட நாளையும் விட்டுவிட்டு வழக்கமான நாளை எழுதுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள், பிள்ளையே எதிரில் உட்கார்ந்திருப்பதால் மாட்டிக்கொள்வீர்கள்.

2018 நெறிப்படி அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 5, 10, 18 வயதில் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 18-ல் தரும் சான்று ஆயுளுக்கும். அதனால் அந்த வயதுப் பரிசோதனையை அவசரமாக முடித்துவிடாதீர்கள்.

காகிதங்களில் அசல் ஒன்று, நகல் இரண்டு செட். பழைய தேசிய அடையாள அட்டைப் புத்தகம், பழைய சான்று, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், சிகிச்சைச் சீட்டுகள். காதுகேளாமைக்குச் சமீபத்திய ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை அறிக்கை). சின்னக் குழந்தைக்கு, ஒலிக்கு மூளை நரம்பு காட்டும் அசைவை அளக்கும் பெரா சோதனை அறிக்கை. தெரப்பி போகிறவர்கள் அங்கிருந்து தேதியோடு முன்னேற்றக் குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தின் முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று என்பதால், அந்தத் திட்டத்தின் சேவை மையமான விழுதுகள் மையத்துக்குப் போகிறவர்கள் அங்கேயே கேட்கலாம். விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் இனிஷியலில்தான். ஆதாரில் முன்னால், பள்ளிச் சான்றில் பின்னால், பாஸ்புக்கில் இல்லவே இல்லை என்றிருந்தால் முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள், பிறகு மற்றவை.

உங்கள் பிரிவுக்கு உரிய மருத்துவர் வருகிறாரா என்று முந்தின நாளே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து திரும்பிப் போவதைவிட ஒரு போன் மேல். சட்டப்படி சொந்த மாவட்டத்தில்தான் என்றில்லை, சிகிச்சை எடுக்கும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம். பாகூர்க்காரர்களுக்கு ஒரு சொல்: கடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பணம் தருவது புதுச்சேரி அரசு. அட்டை ஒன்றுதான், உதவித்தொகை விதி வேறு.

இரண்டு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், சான்றில் சதவீதம் இருக்கும், அது எப்படி வந்தது என்ற கணக்கு இருக்காது. உளவியல் சோதனைத் தாளின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு போக அந்தத் தாள்தான் பிடி. அது கையில் இல்லாமல் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு மேல் மனு கொடுத்தால் கால்தான் தேயும்.

தொகை வரத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கொரு முறை கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கி வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். திடீரென்று பணம் நின்றால் அதைக் கொடுத்தோமா என்று முதலில் பாருங்கள், அடுத்து வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு.