தொட்டால் திட்டு விழும் மாம்பழம்

ஷார்ஜாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம். லீவு எப்போதும் டிசம்பரில்தான் கிடைக்கும். கிருஷ்ணகிரியில் பிறந்துவிட்டு, மாம்பழம் இல்லாத மாதமாகப் பார்த்து ஊருக்கு வந்து போகிற ஜாதகம் எனக்கு. இந்தத் தடவைதான் ஜூன் கடைசியில் விட்டார்கள்.

"மாங்கனிக் கண்காட்சி நடக்குது, வந்துருடா" என்று பள்ளிக்கூடக் கூட்டாளிகள் மூன்று பேர் கூப்பிட்டார்கள். பெங்களூரு சில்க் போர்டில் பஸ் ஏறி, ஓசூர், சூளகிரி தாண்டி இறங்கினேன். பயணத்தில் குறை ஒன்றும் இல்லை. கண்டக்டர் 500 ரூபாய் நோட்டைப் பார்த்து முகம் சுளித்தாரே தவிர, மீதியை மறக்காமல் கொடுத்தார். கடுப்பானது, கூட்டாளி வண்டியில் கண்காட்சிக்குப் போய் அதை நிறுத்துகிற இடத்தில்தான். யாரோ ஒருவர் காலி மனையில் கயிறு கட்டி, 20 ரூபாய் என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்துவிட்டு 30 வாங்கினார். கேட்டால், "சனிக்கிழமை சார்" என்கிறார்!

உள்ளே நீளமான கொட்டகை. மேசை மேசையாகக் காகிதத் தட்டுகள், தட்டுக்கு மூன்று பழம், முன்னால் பெயர்ச் சீட்டு. அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம்பசந்த். மல்லிகா என்பது நீலத்தையும் தசேரியையும் சேர்த்த கலப்பினம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வைத்துச் சில நாள் ஆகியிருக்கும் போல, ஒரு நீலம் பாட்டி கன்னம் மாதிரி சுருங்கி, காம்புப் பக்கம் பால் கசிந்து, தட்டோடு ஒட்டிக்கிடந்தது. வாசனை மட்டும் ஆளை இழுத்தது. கூட வந்தவன் அதைத் தூக்கி மோந்து பார்க்க, காவலுக்கு நின்ற அம்மா போட்ட சத்தத்தில் எட்டாம் வகுப்பு ஞாபகமே வந்துவிட்டது.

நான் ரொம்ப நேரம் நின்றது பெங்களூரா முன்னால். நுனி வளைந்திருப்பதால் கிளிமூக்கு என்றும் சொல்வோம், வெளியூரில் தோத்தாபுரி. பர்கூர் பக்கம் தோப்பு வைத்திருப்பவன் சொன்னான்: "இதுல முக்கால்வாசி கூழ் ஆலைக்குத்தான்டா போகுது. அவன் சொல்றதுதான் வெலை. நீ அங்க குடிக்கிற ஜூஸு எங்க தோப்பாக்கூட இருக்கும்."

அடுத்த ஸ்டாலில் கூழ் அடைத்த 3.1 கிலோ டின் இருந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கேம்ப் கேன்டீன் வாசலில் கறிவேப்பிலைச் செடி நிற்பது இதே அளவுக் காலி டின்னில்தான். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது திருப்பிப் பார்த்திருக்கிறேனா?

அப்புறம் பசி. அத்தனை பழத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. ஜூஸ் கடையில் ரொக்கம் என்றதும், "சில்லறை இல்லைங்க, ஸ்கேன் பண்ணுங்க" என்றார்கள். என் போனில் அமீரக சிம்தான், நண்பன்தான் கட்டினான். பழச்சாறு என்று வந்ததில் பாதி ஐஸ், மீதி சர்க்கரை.

வாசலில் தள்ளுவண்டி வைத்திருந்த அக்கா பரவாயில்லை. கிளிமூக்கைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி 20 ரூபாய்க்குக் கொடுத்தார். காசை நீட்டினேன்.

"ஸ்கேன் இல்லையா தம்பி? அப்பாடா, இன்னைக்கு ரொக்கமா குடுத்த மொத ஆளு நீதான்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்னொரு கீற்றைக் கையில் திணித்தார்.