கண்காட்சியா, செயலமர்வா, தோட்டத்துக்குப் போவதா? மலையக வரைகலை மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பேராதனையிலோ பதுளையிலோ படிக்கும் மாணவர் குழுவுக்கு வருடத்தில் ஒரு நிகழ்வுக்குத்தான் காசு சேரும். அந்தக் காசில் மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைப்பதா, இரண்டு நாள் செயலமர்வு நடத்துவதா, இல்லை வேலைகளை ஒட்டிய பலகைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கே போவதா என்ற பேச்சு எல்லாக் குழுக்களிலும் எழும். மூன்றிலும் காசு போகும் இடம் வேறு, வேலை கெட்டுப்போகும் இடமும் வேறு. முடிவை இப்போதே சொல்லிவிடலாம்: அச்சுக்குப் போகக்கூடிய வேலை பத்துப் பன்னிரண்டு கையில் இல்லாத குழு கண்காட்சிப் பக்கம் போகவே வேண்டாம், செயலமர்வு நடத்தட்டும். வேலை கையில் இருக்கும் குழு, இறுதி வருட மாணவர்கள் வேலை தேடும் கட்டத்தில் இல்லையென்றால், நகர மண்டபத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகட்டும்.

மண்டபத்தில் வைத்தால்

கண்டியிலோ ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வைக்கும் கண்காட்சியின் பெரிய பலன், தொடங்கிய வேலையை முடிக்க வைப்பது. அச்சகக்காரர், விடுதி நடத்துபவர், தொண்டு நிறுவனத்தில் இருப்பவர் என்று வேலை தரக்கூடியவர்கள் நகரத்துக்குத்தான் வருவார்கள். இறுதி வருட மாணவருக்கு அது பெரிய விஷயம். மற்றவர்களுக்கு, திறப்பு நாளில் நண்பர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள், மறுநாள் காவலுக்கு இருவர் உட்கார்ந்திருப்பார்கள்.

மலையக மண்டபத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். 130 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 130 கிராம்) ஆர்ட் கடதாசியில் அடித்த ஏ2 போஸ்டரை நான்கு மூலையிலும் இருபக்க டேப் போட்டு ஒட்டினால், பிற்பகலில் பனிமூட்டம் இறங்கியதும் நடுப்பகுதி அப்பளம் போல உப்பும். நார் ஈரத்தை இழுத்து விரிகிறது, மூலைகள் இறுகப் பிடித்திருப்பதால் விரிவு முழுக்க நடுவுக்கு வருகிறது. மலிவான வழி, தூணுக்குத் தூண் நைலோன் கயிறு இழுத்து, மேல் ஓரத்தை மட்டும் இரண்டு பைண்டர் கிளிப்பால் பிடித்து, கீழ் ஓரத்தைச் சும்மா தொங்கவிடுவது. செலவு செய்ய முடிந்தால் 5 மில்லிமீற்றர் ஃபோம் போர்ட்டில் பரப்பு முழுதும் ஒட்டலாம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகையே வளையும் என்பதால் பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு வெற்றுத் தாள் வேண்டும். எந்த வழியானாலும் கடதாசியை முதல் நாள் இரவே அந்த மண்டபத்தில் பிரித்து வைத்து, அங்குள்ள ஈரத்துக்குப் பழகவிட்டு, மறுநாள் ஒட்டுவது நல்லது. சுண்ணாம்பு அடித்த சுவரை நம்ப வேண்டாம். டேப் பொடியோடு கழன்று வரும்.

அடுத்தது கொழுந்துப் பச்சை. மலையக மாணவர் வேலைகளில் பாதிக்கு அதுதான் பிரதான நிறம், அச்சில் முதலில் சாகும் நிறமும் அதுதான். திரையில் மின்னும் இளம்பச்சை, நான்கு மை (சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) அச்சால் எட்ட முடியாத இடத்தில் இருக்கிறது. கோப்பை அச்சகத்தில் மாற்றும்போது அது காய்ந்த இலை நிறத்துக்கு இறங்கிவிடும். ஆகவே ஆரம்பத்திலேயே அச்சு நிறத்தில் வேலை செய்து, அடிக்கப்போகும் அதே இயந்திரத்தில், அதே கடதாசியில், ஒரு ஏ4 தாளில் ஆறு கட்டம் சோதித்துப் பார்க்க வேண்டும். சியான் 40, மஞ்சள் 100 என்று தொடங்கி, சியானை ஐந்து ஐந்தாகக் கூட்டி 65 வரை போகலாம். மஜெந்தாவும் கறுப்பும் பூச்சியத்தில் இருக்கட்டும். மஜெந்தா பத்து வீதம் கலந்தாலே பச்சை மங்கும்.

தொங்கவிடும் உயரம், போஸ்டரின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 145 சென்ரிமீற்றர். பளபளப்பான லாமினேஷன் வேண்டவே வேண்டாம். மண்டபங்களில் தலைக்கு மேல் டியூப் லைட் இருக்கும், போஸ்டரில் வெள்ளைக் கோடுதான் தெரியும். மாணவர் பெயரும் தலைப்பும் போடும் சிறு அட்டையில் 18 பொயின்டுக்குக் குறைந்த தமிழ் எழுத்து வேண்டாம்.

செயலமர்வு: எழுத்தா, திரை அச்சா

செயலமர்வு என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது ஒருவர் பேச, ஐம்பது பேர் கேட்கும் விரிவுரை. அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஒரு வளவாளருக்கு 15 பேர், உதவிக்கு இன்னும் ஒருவர். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் இருப்பவரின் கோப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். இங்கே செய்யத்தக்கவை இரண்டு: தமிழ், சிங்களம், ஆங்கிலம் சேர்ந்த மும்மொழி எழுத்தமைப்பு, சட்டத்தில் கட்டிய வலை வழியாக மை தள்ளி அடிக்கும் திரை அச்சு.

எழுத்தமைப்புக்குத்தான் எங்கள் முதல் வாக்கு. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் மலையகத்தில் எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் தமிழ் வரி சிதைந்தோ சிறுத்தோ இருக்கும் பலகை ஒன்று கண்ணில் படும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த பட்டதாரிக்கு இங்கே வேலை உண்டு.

செயலமர்வுக்கு ஒரு வாரம் முன்னதாக ஆய்வுகூடக் கணினி ஒவ்வொன்றிலும் "கொழுந்து" என்று யூனிகோடில் தட்டிப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்தால் சரி. ககரத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிவட்டத்தோடு தனியே தெரிந்தாலோ, அந்த மென்பொருள் தமிழ் எழுத்தைக் கோக்கவில்லை. இலஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் இந்த எழுத்துகளைக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவுசெய்தால் சரியாகும். பழைய பதிப்பில் அந்தத் தெரிவு இல்லையென்றால் இங்க்ஸ்கேப்பில் செய்யலாம், அது இலவசம். சிங்களத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. "ஸ்ரீ லங்கா" என்பதைச் சிங்களத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி இருக்கும். ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டும்போது அது விழுந்துவிட்டால் எழுத்து இரண்டாகப் பிளக்கும். நாட்டின் பெயரே பிழையாகத் தொங்கும் பதாகைகளுக்கு இதுதான் காரணம். தமிழ் மாணவர் கண்ணுக்கு அது படாது என்பதால் சிங்களம் வாசிப்பவர் ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எழுத்துருக்களைப் பென் டிரைவில் கொண்டுபோவது நல்லது. இணையத்தை நம்பினால் காலை முழுக்கத் தரவிறக்கத்தில் போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், காட்டாமரன், ஹிந்த் மதுரை, சிங்களத்துக்கு அபய லிப்ரே எல்லாமே இலவச உரிமம் கொண்டவை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் பல அச்சகங்களில் ஓடுகிறது. ஆனால் அது யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்தை வெளிக்கோடாக மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, ஆகவே மாற்றாத பிரதியையும் வைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் பயிற்சிக்குத் தோட்ட வைத்தியசாலை அறிவித்தல் ஒன்றை எடுக்கலாம். மூன்று மொழியையும் ஒரே பொயின்டில் அமைத்து, அச்செடுத்து, அடிமட்டத்தால் தமிழ் "ப"வின் உயரத்தையும் சிங்கள "ப"வின் உயரத்தையும் அளக்கச் சொல்ல வேண்டும். எழுத்துருவுக்கு எழுத்துரு வித்தியாசம் வரும். கண்ணுக்குச் சமமாகும்வரை ஒன்றைக் கூட்டிக் குறைத்து மறுபடி அச்செடுக்க வேண்டும். வரி இடைவெளி 20 பொயின்ட் தமிழுக்கு 28 முதல் 30 வரை. ஆங்கிலத்துக்குப் பழகிய 24ஐ வைத்தால் மேல்வரியின் "ழு", "நு" கீழே தொங்கி, கீழ்வரியின் "கீ", "மீ"யின் சுழியில் முட்டும். எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டு அழகுபடுத்தும் ஆங்கில வழக்கம் தமிழில் எடுபடாது. கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகிச் சொல் உதிர்ந்துவிடும். "தொழிலாளர்களுக்கான" போன்ற சொல் ஒடுங்கிய பத்தியில் அடங்காது. பத்தியை அகலப்படுத்துவதுதான் வழி, எழுத்தைச் சப்பையாக்குவது அல்ல.

திரை அச்சு மாணவருக்கு அதிகம் பிடிக்கும், மலைநாட்டில் அதிகம் கெடும். 15 பேருக்கு 5 சட்டம், மூவருக்கு ஒன்று. ஏ3 அச்சுக்குச் சட்டத்தின் உள்ளளவு சுமார் 40க்கு 55 சென்ரிமீற்றர். கடதாசிக்கு 77டி வலை (சென்ரிமீற்றருக்கு 77 இழை), துணிக்கு 43டி. ஐந்து சட்டத்துக்கும் இருபுறம் பூச ஒளிப்படப் பசை (ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் கழுவினால் போகும்) கால் லீட்டர் போதும். கொழும்பில் ஓரிரு மணித்தியாலத்தில் காயும் அந்தப் பசை, ஹட்டனில் மழைநாளில் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரமாகவே கிடக்கும். அந்த நிலையில் ஒளி காட்டிக் கழுவினால் படம் முழுதும் தண்ணீரோடு போய்விடும். முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் பூசி, இருட்டறையில் சட்டத்தைப் படுக்கையாக, அச்சுப்பக்கம் கீழே இருக்க வைத்து, இரவு முழுக்க மின்விசிறி ஓடவிட வேண்டும். சிறு ஹீட்டர் வைக்கலாம், ஆனால் அறை 40 பாகையைத் தாண்டக்கூடாது. அதிகம் சூடானால் ஒளி படாமலே பசை இறுகும். இரவில் மின்சாரம் நின்றால் இரண்டாம் நாள் காலை அச்சு இல்லை. அந்த நேரத்துக்கு வெட்டுத் தாள் ஸ்டென்சில் வேலை ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

ஒளி காட்ட வெயிலை நம்ப வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் மூட்டம் வந்து போகும் ஊரில் நேரக்கணக்கு நிற்காது. புறஊதா டியூப் வைத்து, ஒரு சட்டத்தில் ஐந்து பட்டையாக நேரத்தைக் கூட்டிச் சோதிக்க வேண்டும். குறைந்தால் எழுத்தின் ஓரம் கரையும். கூடினால் முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. அது அடைபட்டால் "அறிவித்தல்", "அறிவிததல" ஆகிவிடும். 77டி வலையில் 18 பொயின்டுக்குக் கீழே தமிழ் வைக்காவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

லினோ வெட்டு, அதாவது லினோலியத் தகட்டைச் செதுக்கி அடிக்கும் அச்சு, மலிவானது, மின்சாரமும் வேண்டாம். நுவரெலியாக் குளிரில் லினோ விறைத்து ஓரம் உதிரும். வெந்நீர்ப் போத்தலை மேலே சில நிமிடம் வைத்தால் இளகும்.

பலகையோடு தோட்டத்துக்கு

தேயிலைக் கூடையோடு சிரிக்கும் பெண் மாணவர் போஸ்டர்களில் திரும்பத் திரும்ப வருவார். மண்டபத்தில் அதைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். தோட்டத்தில் அதே படத்தின் முன்னால் நிற்கும் அக்கா ஒருவர், இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு இல்லையே, கூடைக் கயிறு இப்படியா கிடக்கும் என்று கேட்டுவிடுவார். எந்த விரிவுரையாளரும் தரமுடியாத விமர்சனம் அது. தோட்டத்துக்குப் போவதை நாங்கள் மேலாக வைப்பதற்கு இதுவே காரணம்.

பலகை ஏ2 அளவைத் தாண்டக்கூடாது. ஏ1 பஸ்ஸுக்குள் ஏறாது, வேன் வாடகை மொத்தச் செலவையும் விழுங்கும். 3 மில்லிமீற்றர் பிவிசி நுரைப் பலகையில் மங்கல் வினைல் ஒட்டினால் ஒன்று அரைக் கிலோவுக்கும் குறைவு, பன்னிரண்டையும் ஒருவர் பையில் தூக்கலாம், மழை பட்டாலும் துடைத்துவிடலாம். நடு உயரத்தை 135 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் பிள்ளைகளுக்கும் எட்டும்.

இடம் பார்த்துத்தான் எண்ணிக்கை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்பவர் தலையில் பாரத்தோடு சில நிமிடமே நிற்பார். அங்கே மூன்று பலகை, 100 பொயின்ட் தலைப்பு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பன்னிரண்டையும் வைக்கலாம். பாடசாலையில் வைக்க அதிபரின் சம்மதம் மட்டும் போதாது, வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் போக வேண்டும். தோட்டத்துக்குள் என்றால் முகாமையாளருக்கு எழுத்துமூலக் கடிதம், தோட்டத் தொழிற்சங்கத் தலைவருக்கு நேரில் ஒரு வார்த்தை. மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கினால் அவசரப்பட வேண்டியதில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். "இந்த அறிவித்தல் என்ன செய்யச் சொல்லுது?" என்று கேட்டுப் பதிலை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பலகைக்குப் பத்துப் பேரின் பதில் கிடைத்தால் எந்த வரி புரியவில்லை என்பது தெளிவாகும்.

இரண்டையும் சேர்க்கலாமா

செயலமர்வில் செய்ததை இரண்டாம் நாள் மாலையே கண்காட்சியாக வைப்போம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேண்டாம். அன்று மதியத்தோடு கற்பது நின்றுவிடும். சோதித்துப் பார்க்க வந்த மாணவர் பிழை விடப் பயப்படுவார், வளவாளர் பொறுமையிழந்து கோப்பைத் தானே வாங்கித் திருத்துவார். சுவரில் தொங்குவது வளவாளரின் வேலையாக இருக்கும். குறைந்தது இரண்டு மாதம் இடைவெளி விட்டால் செயலமர்வில் தொடங்கியது பலகைக்குத் தகுதியாகும்.

திகதியை மழை தீர்மானிக்கட்டும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு தலைகீழ், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும். டிசெம்பரில் அச்சகங்கள் கலண்டர் வேலையில் மூழ்கியிருக்கும், ஏப்ரலில் புத்தாண்டும் நுவரெலியா சீசனும் மண்டபங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டுக்கும் காசு சேர்ந்தால், ஹட்டன் குழு ஜனவரி முதல் வாரத்தில் செயலமர்வை முடித்து மார்ச் நடுப்பகுதியில் தோட்டத்துக்குப் போகலாம். பதுளைக் குழு அதையே ஜூலையிலும் செப்டெம்பரிலும் வைத்துக்கொள்ளலாம்.