ஸ்ப்ரூஸா, சீடரா? கனவு கிட்டாரின் மேல்பலகை

கனவு கிட்டாரை மனதில் வரையும்போது பலரும் ஸ்ப்ரூஸா, சீடரா என்று (இரண்டும் ஊசியிலை மரங்கள்) மேல்பலகை மரத்தில்தான், அதாவது கம்பிகளுக்குக் கீழே ஒலித்துளை உள்ள முன்பலகையில்தான், தடுமாறுகிறார்கள், அது நியாயம்தான், ஒலியின் குணத்தை அதிகம் தீர்மானிப்பது அதுவே.

ஒலி: ஸ்ப்ரூஸ் பளிச்சென்று தெளிவு. சீடர் இதமானது, அடர்த்தியானது.

வாசிப்பு: ஸ்ப்ரூஸ் விறைப்பான மரம், பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து ஓங்கி ஸ்ட்ரம் செய்தாலும், அதாவது கம்பிகளைச் சேர்த்து மீட்டினாலும், ஒலி கலங்காது. சீடர் லேசாக விரல் பட்டாலே பேசும், ஆனால் ஓங்கி அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் குழம்பிவிடும்.

தாங்கும் திறன்: சீடரில் நகம் பட்டாலே தடம் விழும், ஸ்ப்ரூஸ் கொஞ்சம் தாங்கும்.

எதுவானாலும் ப்ளைவுட் வேண்டாம், முழு மரம்தான், கிட்டார் இருக்கும் அறையின் காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில் இருக்கட்டும்.

பாடிக்கொண்டே ஸ்ட்ரம் செய்பவர்களுக்கு ஸ்ப்ரூஸ். நான் இரவில் மெதுவாக விரலால் வாசிக்கிற ஆள், அதனால் என் கனவில் சீடர், அப்புறம் 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கழுத்து சேரும் சின்ன உடல்.