பல ஆண்டுகள் கேட்ட பின் ‘நியோன் பைபிள்’

கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஆர்கேட் ஃபயர் என்ற ராக் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘நியோன் பைபிள்’ 2007 மார்ச்சில் வெளிவந்தது. அதைப் பல ஆண்டுகளாகக் குறுந்தகட்டிலும் கைப்பேசியிலும் கேட்டு வருகிறேன். தொடக்கத்தில் என்னை ஈர்த்த பாடல்களும் இன்று நான் தேடிப் போகும் பாடல்களும் ஒன்றல்ல.

கியூபெக் மாநிலத்தின் ஃபார்ன்ஹம் என்ற சிற்றூரில் ஒரு பழைய தேவாலயத்தை வாங்கி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிய இக்குழுவினர், அதுவும் போதாமல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் வரை சென்று ஆர்கெஸ்ட்ராவையும் ஆண்கள் சேர்ந்திசைக் குழுவையும் பதிவு செய்தனர். ‘இன்டர்வென்ஷன்’ பாடலில் ஒலிப்பது மான்ட்ரியலின் ஒரு பெரிய தேவாலயத்தில் உள்ள பைப் ஆர்கன், அதாவது பெரிய குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் அதன் அடிநாதம் காணாமல் போய் வெறும் கீச்சொலிதான் மிஞ்சும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னும் கூரையைத் தொட்டுத் திரும்பும் எதிரொலி வரை காதில் விழுகிறது. ஆனால் ஆர்கன், வயலின்கள், கோரஸ் எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும்போது முதன்மைப் பாடகர் வின் பட்லரின் சொற்கள் அடியில் அமுங்கிவிடுகின்றன. இந்த நெரிசல் ஆல்பத்தின் பல இடங்களில் உண்டு. எத்தனை முறை கேட்டும் எனக்கு அது பழகவில்லை.

மாறாக, அப்போது நான் தாண்டிப் போன ‘ஓஷன் ஆஃப் நாய்ஸ்’ இன்று எனக்கு மிகப் பிடித்த பாடல். நிதானமாக நகரும் அந்தப் பாடலில், கலெக்சிகோ என்ற அமெரிக்க இசைக்குழுவினரின் டிரம்பெட்டுகள் இறுதிப் பகுதி வரை காத்திருந்தே நுழைகின்றன. அந்தக் காத்திருப்புதான் அவற்றுக்கு எடை சேர்க்கிறது. பிரம்மாண்டமும் முழுவதுமாகத் தோற்றுவிடவில்லை. 2003இல் ஒரு சிறு இசைத்தட்டில் எளிமையாக வந்த ‘நோ கார்ஸ் கோ’ இங்கே ஆர்கெஸ்ட்ராவோடும் கோரஸோடும் மறுபதிவாகி, முந்தைய வடிவத்தைச் சோதனைப் பதிவு போலத் தோன்ற வைத்துவிட்டது. பாதியில் பாடகரும் மெட்டும் மாறும் ‘பிளாக் வேவ் / பேட் வைப்ரேஷன்ஸ்’ பாடலில் குழுவின் பாடகி ரெஜீன் ஷசான் பாடும் முற்பகுதி போதும் என்பேன்.

ஆர்கெஸ்ட்ரா கருவிகளைப் பாப் பாடல்களில் கலக்கும் இந்தப் பரோக் பாப் வகைக்குப் புதியவர்கள், 2004இல் வந்த இக்குழுவின் முதல் ஆல்பமான ‘ஃப்யூனரல்’ஐ முதலில் கேட்கட்டும். ‘நியோன் பைபிளை’ வாங்குவதானால் நல்ல ஹெட்ஃபோனுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.