ரெமிங்டன் 1858 நகல்: நான்கு வருடம் இடுப்பில் கட்டித் திரிந்த அனுபவம்

ரெமிங்டன் 1858 என்ற பழைய அமெரிக்க ரிவால்வருக்கு இத்தாலியில் செய்த நகல்; .44 காலிபர், 8 அங்குலக் குழல். இதில் தோட்டா போடுவதில்லை; சுழலும் சிலிண்டரின் ஆறு அறைகளில் வெடிமருந்தையும் குண்டையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் கோக்கனினோ தேசியக் காட்டுக்குப் போகும்போதெல்லாம் கூடவே வருகிறது. பெயரிலுள்ள 1858 காப்புரிமை வருடம்தான். 'நியூ மாடல் ஆர்மி' என்ற இந்த வடிவம் வந்தது 1863இல்.

காலியாகவே ஒன்றேகால் கிலோ இருக்கும். சாதாரண பெல்ட் அரை மணியில் தொங்கிவிட்டது, தடித்த தோல் பெல்ட்டுக்கு மாறினேன். மேலே மடிப்பு வைத்த உறை நல்லது. தூறலில் கேப், அதாவது அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புக் கிண்ணம், நனையாது. ஆனால் இவ்வளவு நீளக் குழலோடு காரில் உட்காரவும் முடியாது, பாறையில் உட்காரவும் முடியாது.

அறைகளின் பின்னால் கேப் மாட்டும் முனைகள்தான் நிப்பிள்கள். அவற்றுக்கு நடுவே, கேப்பை அடிக்கும் ஹாமர் எந்தக் கேப்பிலும் படாமல் உட்கார ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. அதனால் ஆறு அறையையும் நிரப்பிக்கொண்டு நடக்கலாம் என்பார்கள். நான் ஐந்துதான் நிரப்புகிறேன். மனசு கேட்கவில்லை.

மறுபடி நிரப்புவதில்தான் எல்லாக் கூத்தும். ரேஞ்சில் மேசைமேல் வைத்துச் செய்தபோது சுலபமாகத் தெரிந்தது. முதல் நவம்பரில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து காற்றுக்கு முதுகைக் காட்டி ஐந்து அறை நிரப்பி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போனது. கேப் டப்பா கவிழ்ந்து பாதி பைன் சருகுக்குள் போய்விட்டது. பயறளவு செப்புக் கிண்ணத்தைச் சருகில் எங்கே தேடுவது? அன்றிலிருந்து, கேப்களை ஒவ்வொன்றாக நிப்பிளில் பொருத்தும் பித்தளைக் கேப்பர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

வெடிமருந்துக் குடுவையிலிருந்து நேராக அறைக்குள் மருந்து கொட்டவே கூடாது. உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் கையிலுள்ள குடுவையே வெடிக்கும். வீட்டிலேயே 25 கிரெயின் வீதம், அதாவது ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் கூட, சின்னக் குப்பிகளில் அளந்து எடுத்துப் போகிறேன். மருந்துக்கு மேல் கொழுப்பு தடவிய கம்பளி வில்லை, அதற்கு மேல் .454 ஈயக் குண்டு. குழலுக்கு அடியிலுள்ள லீவரால் குண்டை உள்ளே அழுத்தும்போது வெட்டிய நகம்போல மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். விழுந்தால் குண்டு அறையை இறுக அடைத்திருக்கிறது, பக்கத்து அறைக்குத் தீ தாவும் பயம் குறைவு. கேப் போடுவது கடைசியில், குழல் ஆளில்லாத பக்கம் பார்த்தபடி.

சரி, நிரப்பிய சிலிண்டர் இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டு மாற்றினால் ஆகாதா? ஆகும், லீவரை இறக்கி, சிலிண்டர் சுழலும் அச்சான ஊசியை இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். ஆனால் கேப் போட்ட சிலிண்டர் பாறையில் விழுந்தால் கதை முடிந்தது. என் உதிரி சிலிண்டரில் மருந்தும் குண்டும் இருக்கும், கேப் இருக்காது. அதனால் மாற்றுவதில் மிச்சமாகும் நேரம் கேப் போடுவதில் போய்விடுகிறது.

பெரிய குறை கரிப்படிவு. இந்த வறண்ட காற்றில் மூன்றாம் முறை நிரப்பிச் சுடும்போதே ஊசியில் கரி இறுகி சிலிண்டர் சுற்ற மறுக்கும். ஊசியில் தாராளமாகக் கிரீஸ் தடவுவதும், சுட்டுத் தீர்ந்த சிலிண்டரின் முகத்தை ஈரத்துணியால் துடைப்பதும் கைகொடுத்தன. இந்த விஷயத்தில் கோல்ட் 1860 என்ற இன்னொரு பழைய ரிவால்வர் தேவலை, அதன் ஊசியிலுள்ள வரிப்பள்ளங்கள் கிரீஸைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் உடைந்த கேப் துண்டு ஹாமர் இடுக்கில் விழுந்து அடிக்கடி மாட்டும்.

கழுவுவது அன்றைக்கே, வெந்நீரும் சோப்பும். ஒருமுறை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நிப்பிள் மரையில் துரு ஏறிவிட்டது. சுடும்போது தீபாவளி வாசனை, கழுவும்போது அழுகிய முட்டை நாற்றம். சமையலறைத் தொட்டியில் கழுவ எனக்கு இப்போது அனுமதி இல்லை.

1968ஆம் வருடத்து அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இது பழம்பொருள் கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். தேசியக் காட்டில் வீடு, முகாம் இவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள் சுடக்கூடாது. கோடையில் தீத்தடை வந்தால் வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டியதுதான்.

அடுத்ததாக ஐந்தரை அங்குலக் குழல் உள்ளதைப் பார்த்து வைத்திருக்கிறேன். காரில் உட்கார வேண்டுமே.