பிரான்மலை உச்சிப் பனோரமா: போனைச் சுழற்றலா, தனித்தனியாக எடுத்து ஒட்டலா?

சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் போனின் பனோரமாவைத்தான், அதாவது சுழற்றி எடுக்கும் அகன்ற படத்தைத்தான், நம்புகிறார்கள். பத்து நொடி வேலை. தொலைவில் கண்மாயும் வயலும் மட்டும் என்றால் போதும். சிக்கல் பக்கத்துப் பாறையில் தொடங்குகிறது. கையை நீட்டிச் சுற்றினால் லென்ஸ் இடம் மாறும். அருகிலிருக்கும் பாறை விளிம்போ கம்பியோ படிக்கட்டு போல உடையும். போனை நெஞ்சருகே வைத்து, அதையே அச்சாக்கி, நீங்கள் அதைச் சுற்றி நகருங்கள். தொடங்கும்முன் திரையை அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டுங்கள்.

கேமராவில் தனித்தனியாக எடுத்து ஒட்ட உழைப்பு அதிகம். பெரிதாக அச்சிட இதுதான் வழி. ஃபுல் பிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமரா, 35 மி.மீ. லென்ஸ், செங்குத்துப் பிடி: ஒரு படத்தில் கிடையாக ஏறத்தாழ 38 பாகை அடங்கும். அடுத்தடுத்த படங்கள் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த எடுத்தால் 180 பாகைக்கு 7 படங்கள், முழுச் சுற்றுக்கு 14. மேனுவலில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100. ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டும் மாறக்கூடாது. ஆட்டோவில் விட்டால் சூரியன் பக்கம் நிலம் கறுத்து, வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். லென்ஸில் போலரைசர் (வானத்து நீலத்தைக் கூட்டும் ஃபில்டர்) இருந்தால் கழற்றிவிடுங்கள்; நீலம் திட்டுத்திட்டாகும். ஒட்டுவதற்கு ஹியூகின் என்ற இலவச மென்பொருள் போதும்.

உச்சிக் காற்றில் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். நண்பகல் புழுதி மங்கலை இந்த இரண்டு வழிகளுமே வெல்லாது, காலையிலேயே ஏறிவிடுங்கள்.