சேலத்தில் கார் வைத்திருப்பவர்கள் படிக்கவும்: ஒரு பிளக்குக்கு 29,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

இன்று காலை பதினொரு மணிக்குத்தான் உண்மை தெரிந்தது. அதுவரை, என் தப்பால் வண்டியைக் கெடுத்துக்கொண்டேன், அதற்குத் தண்டம் கட்டினேன் என்றுதான் நினைத்திருந்தேன். 29,200 ரூபாய். பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் வம்பு வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பைபாஸை ஒட்டி, எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி ரூம், சோபா, லேப்டாப் எல்லாம் இருக்கும்.

வண்டி 2013 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பார்க் பிளக்குகளை நானே மாற்றினேன். அது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு காயில், அதைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட், அவ்வளவுதான். நடு சிலிண்டரில் புது பிளக்கை இறுக்கும்போது மட்டும் சாக்கெட் சாய்ந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆனது. நின்றபடி ஓடும்போது லேசான நடுக்கம் இருந்தது. ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஏறும்போது உதற ஆரம்பித்து, என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பயந்துபோய் மறுநாள் காலையில் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன்.

அங்கே இருந்தவர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். காபி வரவழைத்தார். "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார். நான் மறைக்காமல், "பிளக் நானே மாத்தினேன், அதுக்கப்புறம்தான் இப்படி" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவர் முகம் மாறியது எனக்கு இப்போதுதான் புரிகிறது. லேப்டாப்பை மாட்டினார், ஏதோ பார்த்தார், திரையை என் பக்கம் திருப்பினார். "பேட்டரியைக் கழட்டாம காயில் கனெக்டரைப் பிடுங்கியிருக்கீங்க சார். ஷார்ட் ஆகி ஈ.சி.எம், அதான் என்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், போயிடுச்சு. பரவாயில்லை, தெரியாம செஞ்சதுதானே."

அந்தப் 'பரவாயில்லை'யில்தான் நான் விழுந்தேன். தப்பு செய்தவனை மன்னிக்கிற மாதிரி பேசினால் நாம் என்ன கேள்வி கேட்போம்? நான் செய்ததுதானே என்ற குற்ற உணர்வில், எவ்வளவு ஆகும் என்று மட்டும்தான் கேட்டேன். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன், வீட்டில் காட்டலாம் என்று. அதில் 'பி 0302' என்று இருந்தது. "அது என்ன நம்பர்?" என்றதற்கு "ஈ.சி.எம் எரர் சார்" என்றார்.

ஆறு நாள் கழித்து வண்டி வந்தது. புது ஈ.சி.எம் 22,000. புது ஈ.சி.எம்முக்கு வண்டிச் சாவியை அடையாளம் காட்டும் சாவி கோடிங் 2,500. த்ராட்டில் கிளீனிங் 1,200. கூலி 3,500. மொத்தம் 29,200, ஜி.எஸ்.டி எண் இல்லாத ஒரு தாளில். பழைய ஈ.சி.எம்மைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு சார்" என்றார்கள்.

டவுனுக்குள் நன்றாகத்தான் ஓடியது. அடுத்த வாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏற்காடு கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதை அது. மூன்றாவது வளைவிலேயே அதே உதறல், அதே விளக்கு. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்கிறார். எப்படித் திருப்பிக் கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே போன் போட்டேன். "புது ஈ.சி.எம் சார், செட் ஆக 500 கிலோமீட்டர் ஓடணும்." சரி என்று பொறுத்தேன். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டால் ஓனர் திருப்பதி போயிருக்கிறார். அடுத்த வாரம் நேரில் போனேன். அதே ஆள், இந்த முறை காபி இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "எலக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு கேரண்டி கிடையாது. அதுவும் நீங்க கை வெச்ச வண்டி. அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" சுற்றி நின்ற பையன்கள் முன்னால் அப்படிச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. வாட்ஸ்அப்பில் கேட்டேன், படித்தார்கள், பதில் இல்லை. நேற்று பிளாக் செய்துவிட்டார்கள்.

இன்று காலை அம்மாபேட்டையில் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். வயதானவர், கூட ஒரு பையன். போட்டோவைப் பார்த்ததும், "தம்பி, இது ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அங்க பெட்ரோல் சரியாப் பத்தலை. இதைப் போய் ஈ.சி.எம்னு சொன்னாங்களா?" என்றார். இரண்டாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டார், முதல் காயிலை இரண்டாவதில் போட்டார். எரர் கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்து பார்த்தார். அதே 0302. "காயில் கெட்டிருந்தா இப்ப 0301 காட்டணும். நகரலை. அப்ப காயில் நல்லாயிருக்கு, பிளக்கைப் பார்ப்போம்" என்று கழற்றினார்.

வெள்ளைப் பீங்கானில் முடி மாதிரி ஒரு விரிசல். அதன் மேல் பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கறுப்பு. மெதுவாக ஓட்டினால் நெருப்பு சரியான இடத்தில் விழும், மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் அந்த விரிசல் வழியாக ஓடிவிடும் என்றார். ஆமாம், அதை உடைத்தது நான்தான். அந்த 'டக்' சத்தம். ஆனால் அந்த பிளக்கை அவர்கள் ஒரு முறைகூடக் கழற்றிப் பார்க்கவில்லை!

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "கோடிங்குக்கு ரெண்டு சாவியும் குடுத்தீங்களா?" ஒன்றுதான் கொடுத்தேன், மற்றது வீட்டு பீரோவில் இருந்தது. தம்பியை எடுத்து வரச் சொல்லிப் போட்டோம். ஒரே திருகில் ஸ்டார்ட். என் வண்டியில் ஈ.சி.எம் மாற்றிப் புதிதாகச் சாவி கோடிங் செய்திருந்தால், கொடுக்காத சாவிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது என்றார். பழைய டேட்டாவை அப்படியே ஏற்றிவிட்டோம் என்று அவர்கள் சொல்லலாம். அப்படியென்றால் எதற்குக் கோடிங் என்று 2,500? என் வண்டியில் அவர்கள் எதையுமே மாற்றவில்லை என்று நம்புகிறேன். 29,200 ரூபாய்க்கு எரர் கோடை அழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியவர் ஒரு பிளக் போட்டு, கூலியோடு 400 ரூபாய் வாங்கினார். மத்தியானம் ஏற்காடு பாதையில் பத்து வளைவு ஏறிப் பார்த்தேன். ஒரு உதறல் இல்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஸ்கேன் செய்தால் எரர் கோடு நம்பரை எழுதி வாங்குங்கள், வீட்டுக்கு வந்து தேடிப் பாருங்கள், அதுவரை எதற்கும் சம்மதிக்காதீர்கள். நீங்களே ஒரு வேலை செய்த பிறகு கோளாறு வந்தால் முதலில் கை வைத்த இடத்தையே திரும்பத் திறந்து பாருங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி பில் கேளுங்கள். என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய், புகைக்குழாயில் இருந்து புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலை ஒரு பிளக்கைவிடப் பல மடங்கு.

நாளை 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, கூப்பிடப் போகிறேன். அங்கே நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. உடைந்த பிளக், திரையின் போட்டோ, அந்தத் தாள், இரண்டாவது சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகிற வீடியோ எல்லாம் கையில் இருக்கிறது. பைபாஸ் பக்கம் யாருக்காவது இதே மாதிரி ஈ.சி.எம் போய்விட்டது என்று பில் போட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.